மென்பொருள் பணிப் பகுப்பு

மென்பொருள் பணிப் பகுப்பு என்பது ஒரு மென்பொருள் திட்டத்தைச் சிறிய, தனித்தனியே முடித்து வழங்கத்தக்க பணிகளாகப் பிரிக்கும் முறையாகும். இவ்வாறு பிரிக்கப்பட்ட ஒவ்வொரு பணியும் பணிக்கூறு எனப்படும். பணிக்கூறு அளவில் சிறியதாக இருந்தால் மட்டும் போதாது. அது முடிந்தவுடன், எஞ்சிய கூறுகளுக்காகக் காத்திராமல், பயனர் ஒருவருக்காவது பயன்படக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். திட்டம் இடையில் நின்றுபோக நேர்ந்தால், அதுவரை செலவிட்ட உழைப்பில் எவ்வளவு பயனாக எஞ்சும் என்பதைப் பெரும்பாலும் இப்பண்பே தீர்மானிக்கின்றது.

மென்பொருள் பொறியியல், திட்ட மேலாண்மை ஆகிய இரு துறைகளிலும் இக்கருத்து இடம்பெறுகின்றது. மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப்பணி முதல் அரசுத் துறைகளின் பெரிய மென்பொருள்கள் வரை அனைத்திற்கும் இது பொருந்தும்.

வரையறையும் சொற்களும்

பணிப் பகுப்பைப் பற்றிய நூல்களில் கீழ்க்காணும் கருத்துகள் அடிக்கடி வருகின்றன.

பணிப் பகுப்பு அமைப்பு: திட்டம் முழுவதையும் மேலிருந்து கீழாகக் கிளைகளாகப் பிரித்துக் காட்டும் மர வடிவ அமைப்பு. ஒரு கிளையின் கீழுள்ள உட்கிளைகளைக் கூட்டினால் அந்தக் கிளையின் பணி முழுவதும் கிடைக்க வேண்டும். குறையவோ மிகவோ கூடாது. இது நூறு விழுக்காட்டு விதி எனப்படுகின்றது.

பயனர் கதை: மென்பொருளைக் கொண்டு யார், என்ன செய்ய விரும்புகிறார், எதற்காக விரும்புகிறார் என்பதை ஓரிரு வரிகளில் பயனரின் நோக்கிலிருந்து கூறும் பணிக்கூறு.

சார்பு: ஒரு பணிக்கூறு தொடங்கவோ முடியவோ மற்றொரு பணிக்கூறு முடிந்திருக்க வேண்டும் என்ற நிலை.

முடிவு வரையறை: ஒரு பணிக்கூறு முடிந்தது என்று எப்போது கூறலாம் என்பதைக் குழுவினர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதிவைக்கும் நிபந்தனைகள்.

வரலாறு

பெரும் பணியைப் பகுத்துத் திட்டமிடும் முறை மென்பொருளுக்கு முன்னரே தோன்றியது. அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக 1958 இல் பெர்ட் என்னும் திட்டமிடல் முறை உருவாக்கப்பட்டது. 1962 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டி, பணிப் பகுப்பு அமைப்பைத் திட்டமிடலின் அடிப்படையாக முன்வைத்தது. 1968 இல் அது அமெரிக்கப் படைத்துறைத் தரமாயிற்று.

அதே 1968 இல் செருமனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பு கூட்டிய மாநாட்டில், மென்பொருள் திட்டங்கள் காலமும் செலவும் மீறுவது பற்றி விரிவாக விவாதிக்கப்பட்டது. 1970 இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில், தேவையறிதல், வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வரிசை விளக்கப்பட்டிருந்தது. இது பின்னாளில் அருவி மாதிரி எனப் பெயர் பெற்றது. இவ்வரிசையை அப்படியே பின்பற்றுவது இடர் மிகுந்தது என்று ராய்ஸ் அக்கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1972 இல் டேவிட் பர்னாஸ், ஒரு நிரலை எந்த அடிப்படையில் கூறுகளாகப் பிரிப்பது என்ற கேள்வியை எழுப்பினார். செயல் நடைபெறும் வரிசைப்படி பிரிப்பதைவிட, பின்னர் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு கூறுக்குள் மறைத்துவைக்கும்படி பிரிப்பதே சிறந்தது என அவர் காட்டினார். 1975 இல் வெளிவந்த பிரெட் புரூக்ஸின் நூல், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 இயங்குதளத்தை உருவாக்கிய அனுபவத்திலிருந்து, தாமதமான திட்டத்தில் ஆட்களைச் சேர்ப்பது அதனை மேலும் தாமதப்படுத்தும் என்ற கருத்தை முன்வைத்தது.

1999 இல் கென்ட் பெக், பயனர் கதைகளையும் அடிக்கடி வழங்கலையும் மையமாகக் கொண்ட முறையை நூலாக வெளியிட்டார். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருளாளர்கள் அஜைல் அறிக்கையை வெளியிட்டனர். இயங்கும் மென்பொருளை அடிக்கடி வழங்குதல் அதன் கோட்பாடுகளுள் ஒன்றாகும். இதன்பின் சிறு பணிக்கூறுகளாகப் பகுக்கும் முறை உலகெங்கும் பரவியது.

பகுப்பதன் தேவை

சிறு பணிக்கூறுகளாகப் பகுப்பதற்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன.

மதிப்பீடு எளிதாதல்: ஆறு மாதப் பணிக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கணிப்பதைவிட, இரண்டு நாள் பணிக்குக் கணிப்பது எளிது. கணிப்புத் தவறினாலும் இழப்பு ஓரிரு நாட்களே.

பிழை விரைவில் வெளிப்படுதல்: தேவையைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், பயனர் மென்பொருளைக் கையில் எடுக்கும் நாளில்தான் அது தெரியவரும். அந்த நாள் எவ்வளவு முன்னதாக வருகின்றதோ அவ்வளவு செலவு குறையும்.

முன்னேற்றம் மெய்யாதல்: பெரிய பணி ஒன்று தொண்ணூறு விழுக்காடு முடிந்தது என்று வாரக்கணக்கில் கூறிக்கொண்டிருக்க இயலும். சிறு பணிக்கூறோ ஒன்று முடிந்திருக்கும், அல்லது முடிந்திராது.

திட்டம் நின்றாலும் பயன் எஞ்சுதல்: நிதி தீர்தல், முக்கிய உறுப்பினர் விலகுதல், நிருவாகம் மாறுதல் ஆகியன எத்திட்டத்திலும் நேரக்கூடியவை. முதல் மூன்று கூறுகள் வழங்கப்பட்டுப் பயன்பாட்டில் இருந்தால், நான்காவது வராவிட்டாலும் அவை பயன் தந்துகொண்டிருக்கும்.

இவற்றுள் முதலாவது பயன் எவ்வகைப் பகுப்பிலும் ஓரளவு கிடைக்கும். மற்ற மூன்றும் எங்கு வெட்டிப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தவை. கடைசிப் பயன் முற்றிலும் அதனையே பொறுத்தது.

அடுக்குவழிப் பகுப்பும் பயன்வழிப் பகுப்பும்

பெரும்பாலான மென்பொருள்கள் அடுக்குகளால் ஆனவை. அடியில் தரவுத்தளம், அதன்மேல் கணக்கீடுகளையும் விதிகளையும் கொண்ட நிரல், அதற்கும் மேல் பயனர் காணும் திரை என்பன பொதுவான அடுக்குகளாகும். ஓர் அடுக்கை முழுமையாக முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லும்படி பணியைப் பிரிப்பது அடுக்குவழிப் பகுப்பு ஆகும். எல்லா அடுக்குகளிலும் தேவையான அளவுக்கு மட்டும் ஊடுருவி, பயனருக்கு உதவும் ஒரு சிறு செயலை முழுமையாக முடிக்கும்படி பிரிப்பது பயன்வழிப் பகுப்பு ஆகும்.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் பாசன அமைப்புகள் நல்ல ஒப்புமையாகும். தாமிரபரணி ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. இவை ஒரே காலத்தில் கட்டப்பட்டவை அல்ல. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. மற்றவை அதற்கு முந்தியவை. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் தனிக் கால்வாய்கள் பிரிந்து தனக்குரிய வயல்களுக்கு நீர் தருகின்றன. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய் பிரிகின்றது. மருதூர் அணைக்கட்டிலிருந்து மேலக்காலும் கீழக்காலும் பிரிகின்றன. ஸ்ரீவைகுண்டம் கட்டப்படும்வரை மருதூர்க் கால்வாய்களின் வயல்கள் காத்திருக்கவில்லை. அணைக்கட்டு, மதகு, கால்வாய், வயல் என எல்லா அடுக்குகளையும் உள்ளடக்கிய முழுமையான கூறாக ஒவ்வொன்றும் அமைந்தமையே இதற்குக் காரணம்.

இதே பள்ளத்தாக்கில் மற்றொரு வகை அமைப்பும் உண்டு. தாமிரபரணியின் வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறு ஆகியவற்றுடன் இணைக்கும் வெள்ளநீர்க் கால்வாய், வெள்ளாங்குளியில் தொடங்கித் தூத்துக்குடி மாவட்டத்தின் எம்.எல். தேரி வரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர் செல்கின்றது. நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்ட இத்திட்டத்தின் பணிகள் 2009 இல் தொடங்கின. 2025 பெப்ரவரியில் இது பயன்பாட்டுக்குத் திறந்துவைக்கப்பட்டது. இங்கு நிலைகள் கால்வாயின் நீளவாக்கில் அமைந்தவை. நான்காம் நிலையை முழுமையாக வெட்டி முடித்தாலும், முந்தைய மூன்றும் இணையாதவரை தேரிக்கு நீர் வாராது. நீண்ட கால்வாய்க்கு இவ்வகைப் பிரிவு தவிர்க்க இயலாதது. மென்பொருளில் பெரும்பாலும் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆயினும் பழக்கத்தால் அடுக்குவழியே பகுக்கப்படுகின்றது.

இவ்வொப்புமை வேறொன்றையும் காட்டுகின்றது. எட்டு அணைக்கட்டுகளும் ஒன்றையொன்று முற்றிலும் சாராதவை அல்ல. மேலணைகளில் எடுத்தது போக எஞ்சியதே கீழணைகளுக்கு வரும். பாபநாசம் அணையில் திறக்கப்படும் நீர் எல்லாவற்றுக்கும் பொது. அதுபோன்றே மென்பொருளின் பணிக்கூறுகளும் பொதுவான தரவுத்தளத்தையும், வழங்கிகளையும், அனைத்திற்கும் மேலாக அதே சில மனிதர்களின் நேரத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. எனவே சாராமை என்பது முழுமையான விலகல் அன்று. ஒரு கூறு முடிந்து பயன்படுவதற்கு மற்றொரு கூறு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அதன் பொருள்.

எடுத்துக்காட்டு

திருநெல்வேலி மாவட்டத்தின் களக்காடு வட்டாரத்தில் வாழை பெருமளவில் பயிரிடப்படுகின்றது. அங்கு வாழைத்தார் வாங்கி விற்கும் கமிஷன் கடை ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவதாகக் கொள்வோம். விவசாயி தார்களைக் கொண்டுவருகிறார். தார்கள் எடை போடப்பட்டு விலை நிர்ணயிக்கப்படுகின்றது. கமிஷனும் சுமைக்கூலியும் கழிக்கப்பட்டு, எஞ்சிய தொகைக்கு விவசாயியிடம் சிட்டை தரப்படுகின்றது. முன்பணம் பெற்றிருந்தால் அதுவும் கழிக்கப்படும். வாங்கிச்செல்லும் வியாபாரிகளின் நிலுவை தனிப் பேரேட்டில் எழுதப்படும். (இங்குத் தரப்படும் கடையும் எண்களும் கற்பனை.)

அடுக்குவழித் திட்டம் பின்வருமாறு அமையலாம்.

முதல் மாதம்: விவசாயிகள், தார் வகைகள், வியாபாரிகள், முன்பணம், நிலுவை ஆகிய அனைத்துக்குமான தரவுத்தள அட்டவணைகள்.
இரண்டாம் மாதம்: எல்லாக் கணக்கீடுகளுக்குமான நிரல்கள்.
மூன்றாம் மாதம்: எல்லாத் திரைகளும்.
நான்காம் மாதம்: அச்சிடுதல், அறிக்கைகள், சோதனை.

மூன்றாம் மாத இறுதி வரை கடைக்காரரின் கையில் எதுவும் வராது. நான்காம் மாதத்தில் முதல் சிட்டையைக் கண்டவுடன், எடையில் தார்த் தண்டுக்கென ஒரு பங்கைக் கழிப்பது தம் கடை வழக்கம் என்று அவர் கூறினால், தரவுத்தளம், நிரல், திரை, அச்சு ஆகிய நான்கையும் திருத்த வேண்டிவரும். நிதி மூன்றாம் மாதத்தில் தீர்ந்துவிட்டால், முக்கால் பங்கு உழைப்பு முடிந்திருந்தும் பயன் சுழியமே.

பயன்வழித் திட்டம் பின்வருமாறு அமையலாம்.

1. எடைக்கு விற்கப்படும் ஏத்தன் தாருக்கு மட்டும், ரொக்கமாகப் பணம் பெறும் விவசாயிக்குச் சிட்டை அச்சிடுதல். 300 கிலோ, கிலோ 30 ரூபாய் எனில் 9,000 ரூபாய். கமிஷன் பத்து விழுக்காடு 900 ரூபாய், சுமைக்கூலி 120 ரூபாய் போக 7,980 ரூபாய் எனச் சிட்டை வரவேண்டும்.
2. தார் எண்ணிக்கைப்படி விலை பேசப்படும் பிற வகைகளையும் சேர்த்தல்.
3. முன்பணத்தைப் பதிந்து, சிட்டையில் கழித்தல்.
4. நாள் முடிவில் மொத்தக் கணக்குக் காட்டுதல்.
5. வியாபாரிகளின் நிலுவைப் பேரேடு.
6. விவசாயிக்குக் குறுஞ்செய்தி அனுப்புதல்.

முதல் கூறு ஓரிரு வாரங்களில் கடைக்குச் செல்லும். தண்டுக் கழிவு பற்றிய செய்தி அன்றே தெரியவரும்; அப்போது திருத்த வேண்டியது ஒரேயொரு கணக்கீடுதான். மூன்றாம் கூறோடு திட்டம் நின்றுபோனாலும் கடையில் சிட்டை தொடர்ந்து அச்சாகும்; மற்ற கணக்குகளை முன்போல் பேரேட்டில் எழுதிக்கொள்ளலாம். மேலும், நான்காம் கூறுக்குப் பின் கடைக்காரர் ஆறாவதே ஐந்தாவதைவிட அவசரம் என்று கருதினால் வரிசையை மாற்றிக்கொள்ள இயலும். அடுக்குவழித் திட்டத்தில் அத்தகைய உரிமை அவருக்குக் கிடைப்பதில்லை.

மாணவர் திட்டப்பணிகளுக்கும் இது பொருந்தும். நால்வர் குழுவில் ஒருவர் தரவுத்தளம், ஒருவர் நிரல், ஒருவர் திரை, ஒருவர் அறிக்கை எனப் பிரித்துக்கொள்வது வழக்கமாகக் காணப்படுகின்றது. நால்வரில் ஒருவர் பின்தங்கினாலும் மற்ற மூவரின் பணியையும் இயக்கிக் காட்ட இயலாமற்போகும். ஆளுக்கொரு முழுச் செயலை எடுத்துக்கொண்டால், முடிந்தவற்றை மட்டுமாவது இயக்கிக் காட்டலாம்.

நல்ல பணிக்கூறின் இயல்புகள்

2003 இல் பில் வேக் என்பவர் நல்ல பயனர் கதைக்கு ஆறு இயல்புகளைத் தொகுத்தார். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இவை இன்வெஸ்ட் என நினைவில் கொள்ளப்படுகின்றன.

சாராமை: மற்றக் கூறுகளுக்காகக் காத்திராமை.
பேசித் தீர்மானிக்கும் தன்மை: கூறின் விவரங்கள் ஒப்பந்தம்போல் இறுகியிராமல், பயனரும் நிரலாளரும் கலந்துபேசி முடிவுசெய்ய இடமளித்தல்.
மதிப்புடைமை: பயனருக்கு ஏதேனும் ஒரு நன்மை விளைவித்தல்.
மதிப்பிடத்தக்கமை: ஆகும் உழைப்பை ஏறத்தாழவேனும் கணிக்கக்கூடியதாக இருத்தல்.
சிறுமை: சில நாட்களில் முடிக்கத்தக்க அளவு.
சோதிக்கத்தக்கமை: முடிந்ததா என்பதை ஐயமின்றிச் சோதித்து அறிய இயலுதல்.

மேற்காட்டிய எடுத்துக்காட்டில், தரவுத்தள அட்டவணைகளை உருவாக்குதல் என்பது சிறியதாகவும் மதிப்பிடத்தக்கதாகவும் இருக்கலாம். ஆனால் தனித்து நின்று மதிப்புடையதன்று. 7,980 ரூபாய்க்குச் சிட்டை வருகின்றதா என்பது கடைக்காரரே சோதிக்கத்தக்கது.

பகுக்கும் வழிகள்

பெரிய பணியைப் பயன்வழியே சிறிதாக்க நிரலாளர்கள் கையாளும் வழிகள் சில:

செயல் படிகளின்படி: நீண்ட நடைமுறையின் முதலையும் முடிவையும் இணைக்கும் எளிய பாதையை முதலில் முடித்து, இடைப்படிகளைப் பின்னர் சேர்த்தல்.
தரவு வகைகளின்படி: ஒரு வகைத் தரவுக்கு மட்டும் முதலில் செய்தல்.
விதிகளின்படி: பெரும்பான்மையினருக்குப் பொருந்தும் விதியை முதலிலும் விதிவிலக்குகளைப் பின்னரும் எழுதுதல்.
பயனர்களின்படி: ஒரு கிளைக்கு அல்லது ஒரு பிரிவினருக்கு மட்டும் முதலில் வழங்குதல்.
கைவேலையை இடைநிரப்பாக வைத்தல்: தானியக்கமாக்க நாளாகும் பகுதியைச் சில காலம் மனிதரே செய்யவிட்டு, மற்றதை வழங்குதல்.

எவ்வளவு உழைப்பு ஆகும் என்றே கணிக்க இயலாத பணி வந்தால், ஆராய்ந்து விடை காண்பதற்கென்றே கால எல்லையுடன் ஒரு தனிப் பணி ஒதுக்கப்படும். அதன் விளைவு நிரல் அன்று. ஒரு முடிவு மட்டுமே.

முடிவு வரையறையின் இடம்

நிரல் எழுதப்பட்டதும் பணி முடிந்தது என்று ஒருவரும், சோதனை செய்யப்பட்டதும் என்று மற்றொருவரும், பயனரைச் சென்றடைந்ததும் என்று வேறொருவரும் கொள்வதுண்டு. இம்மூவரும் ஒரே குழுவில் இருந்தால் முன்னேற்றக் கணக்கு பொருளற்றதாகிவிடும். ஆகவே, மற்றொருவர் நிரலைப் பார்வையிட்டிருத்தல், சோதனைகள் நிறைவேறியிருத்தல், பயனர் உதவிக் குறிப்பு எழுதப்பட்டிருத்தல் முதலியவற்றை முடிவு வரையறையில் சேர்ப்பது வழக்கம். இவ்வரையறை இல்லாத இடத்தில், சோதனையும் திருத்தமும் பேசப்படாமலே திட்டத்தின் இறுதிக்குத் தள்ளப்பட்டு, அடுக்குவழிப் பகுப்பு வேறு பெயரில் திரும்பிவிடுகின்றது.

நடைமுறைச் சான்றுகள்

இந்திய இரயில்வே முன்பதிவு: கணினிமயத்திற்கு முன்னர், வெவ்வேறு தொடர்வண்டிகளுக்கு வெவ்வேறு பதிவேடுகளும் வெவ்வேறு சாளரங்களும் இருந்தன. நாடு முழுமைக்குமான வலையமைப்பு உருவாகும்வரை காத்திராமல், 1985 இல் தில்லியில் முதல் கணினி முன்பதிவு தொடங்கப்பட்டது. எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் பதியலாம் என்ற பயன் தில்லிப் பயணிகளுக்கு உடனே கிடைத்தது. பின்னர் பிற பெருநகர்களிலும் தனித்தனி மையங்கள் அமைந்தன. இம்மையங்களை இணைக்கும் பணி 1990களில் புதிய மென்பொருளுடன் மேற்கொள்ளப்பட்டு 1999 இல் நிறைவுற்றது. 2002 இல் இணையவழி முன்பதிவு தொடங்கியது. ஒவ்வொரு படியும் அடுத்த படி இல்லாமலே பயன்பட்டது. அதேவேளை, தனித்து வளர்ந்த மையங்களைப் பின்னர் இணைப்பதற்குத் தனி உழைப்பு தேவைப்பட்டது என்பதும் இவ்வரலாற்றில் கருதத்தக்கது.

அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை: இத்துறையின் வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்க மேற்கொள்ளப்பட்ட மென்பொருள், பழைய அமைப்பிலிருந்து ஒரே நாளில் புதியதற்கு மாறும் வகையில் திட்டமிடப்பட்டிருந்தது. ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான நிலையில் 2005 இல் அது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக 2006 இல் தொடங்கிய சென்டினல் திட்டமும் தாமதமடைந்தபோது, 2010 இல் மீதிப் பணியைத் துறையே ஏற்று, இரண்டு வாரச் சுற்றுகளில் முடிக்கத்தக்க பயனர் கதைகளாகப் பகுத்தது. 2012 இல் அம்மென்பொருள் துறை முழுவதும் பயன்பாட்டுக்கு வந்தது.

தமிழ் விக்கிமூலம்: நிரலாக்கத்திற்கு வெளியே, தமிழ்க் கணிமையில் இம்முறையைக் காண விக்கிமூலம் ஏற்ற இடமாகும். நாட்டுடைமையாக்கப்பட்டவை உள்ளிட்ட 2,000க்கும் மேற்பட்ட நூல்களின் மின்வருடல்கள் அங்கு ஏற்றப்பட்டுள்ளன. ஒரு நூலை முழுமையாக மெய்ப்பு பார்க்க முன்வருபவர் சிலரே. ஒரு பக்கத்தைப் பார்க்கப் பலரால் இயலும். எனவே பக்கமே பணிக்கூறாக அமைந்துள்ளது. மெய்ப்பு பார்க்கப்படாத பக்கம் சிவப்பாகவும், ஒருவர் மெய்ப்பு பார்த்தது மஞ்சளாகவும், மற்றொரு பயனர் மீண்டும் சரிபார்த்தது பச்சையாகவும் காட்டப்படும். முடிவு வரையறை வண்ணத்திலேயே அடங்கியிருப்பதால், முன்பின் அறியாத தன்னார்வலர்கள் ஒருவரோடொருவர் பேசாமலே பணியைத் தொடர இயல்கின்றது.

மென்பொருள் தமிழாக்கம்: விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள்களின் இடைமுகச் செய்திகள், 2005 இல் தொடங்கப்பட்ட டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் தமிழாக்கம் செய்யப்படுகின்றன. ஒவ்வொரு செய்தியும் தனிக்கூறு. மொழிபெயர்க்கப்படாத செய்தி ஆங்கிலத்தில் தோன்றுமே தவிர மென்பொருள் நின்றுவிடாது. அடிக்கடி கண்ணில்படும் செய்திகளை முதலில் முடித்தால், பாதித் தமிழாக்கமும் பயனருக்கு முழுமைக்கு நெருக்கமாகத் தோன்றும். ஆயினும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒருவர் "சேமி" என்றும் மற்றொருவர் "பதிவு செய்" என்றும் எழுதினால் குழப்பம் நேரும். ஆகவே பொதுக் கலைச்சொற்பட்டியல் ஒன்று எல்லாக் கூறுகளுக்கும் முந்தியதாக வேண்டியுள்ளது.

வரம்புகளும் விமர்சனங்களும்

எல்லாப் பணிகளையும் பகுக்க இயலாது. பழைய தரவுகளைப் புதிய அமைப்புக்கு மாற்றுதல் போன்றவற்றில் படிகள் வரிசையாகவே நடந்தாக வேண்டும். மருத்துவக் கருவி, வானூர்திக் கட்டுப்பாடு போன்ற உயிரோடு தொடர்புடைய மென்பொருள்களில் அரைகுறை வழங்கல் ஏற்கத்தக்கதன்று. அங்குப் பகுப்பு உட்சோதனைக்குப் பயன்படும்; பயனருக்கு வழங்குதல் முழுச் சரிபார்ப்புக்குப் பின்னரே நிகழும்.

பாதுகாப்பு, வேகம், அணுக்கம் போன்ற பண்புகள் தனியொரு பணிக்கூறில் அடங்காமல் எல்லாவற்றிலும் பரவியிருப்பவை. பட்டியலில் பெயரில்லாத காரணத்தால் இவை மறக்கப்படுவதுண்டு. இவற்றை முடிவு வரையறையில் சேர்ப்பது ஒரு தீர்வாகும்.

பகுப்பினால் ஆட்களைத் தடையின்றிக் கூட்டிக்கொண்டே செல்லலாம் என்று எண்ணுவதும் தவறு. குழுவில் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் பேச வேண்டியிருந்தால், மூவருக்கு 3 இணைப்புகள், அறுவருக்கு 15, பன்னிருவருக்கு 66 என இணைப்புகள் பெருகும். புரூக்ஸ் சுட்டிய சிக்கல் இதுவே. கூறுகள் உண்மையிலேயே சாராதவையாக இருக்கும் அளவுக்கே இச்சுமை குறையும்.

அளவுக்கு மீறிச் சிறிதாக்குவதும் தீங்கே. ஒரு மணி நேரப் பணியைப் பதிவதற்கும் ஒதுக்குவதற்கும் மூடுவதற்கும் அரை மணி நேரம் செலவானால் பகுப்பினால் ஆதாயமில்லை. மேலும், மூடப்பட்ட பணிக்கூறுகளின் எண்ணிக்கையைக் கொண்டு நிரலாளரின் திறனை அளக்கும் வழக்கம் விமர்சிக்கப்படுகின்றது. அவ்வாறு அளக்கப்படும் இடத்தில் எளியவை முதலில் முடிந்து, கடினமானவையும் இன்றியமையாதவையும் பட்டியலின் அடியில் தங்கிவிடும்.

திட்டத்தின் முழுவடிவம் கண்ணில் படாமற்போவது மற்றொரு குறை. இரயில்வே மையங்களைப் பின்னர் இணைக்க நேர்ந்ததுபோல, தனித்தனியே நன்றாக இயங்கும் கூறுகள் ஒன்றுசேரும்போது சிக்கல் எழலாம். எனவே கூறுகள் சந்திக்கும் இடங்களை, அதாவது தரவு வடிவங்களையும் இடைமுகங்களையும் மட்டும், தொடக்கத்திலேயே சிந்தித்து வைப்பது நல்லது எனக் கருதப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

மென்பொருள் பொறியியல்
திட்ட மேலாண்மை
அருவி மாதிரி
அஜைல் மென்பொருள் உருவாக்கம்
புரூக்ஸ் விதி
கட்டற்ற மென்பொருள்
தாமிரபரணி ஆறு